கையைப் பிடித்தவர்

உக்காருங்க டீச்சர். ஜன்னலோரம் வேணும்னாலும் தர்றேன், எனக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான். போன தடவையும் இதே பஸ்ஸுலதான வந்தீங்க? கண்டக்டர் 'டீச்சர்'னு கூப்பிட்டதக் கேட்டேன்.

நான் கோர்ட்டுக்குப் போறேன். இன்னைக்கு வாய்தா. இல்லல்ல, சொத்துத் தகராறு ஒண்ணும் கிடையாது. எங்க வீட்டுக்காரவுக கேசு. ஏட்டு ஐயம்பெருமாள். பேப்பர்ல பாத்திருப்பீங்களே, ஆறு போலீஸ்காரங்க கைதுன்னு போட்டு வரிசையா ஆறு போட்டோ. அதுல கடைசிப் போட்டோ அவுகதான். போட்டோவுலகூடக் கடைசியிலதான் போட்டிருந்தான். அவுக சர்வீஸ் என்ன, மத்தவனுக சர்வீஸ் என்ன! பேப்பர்காரனுக்கு அதெல்லாம் எங்க தெரியுது?

நகராதீங்க டீச்சர், பயப்படாதீங்க. கொலைக் கேசுதான். ஆனா அவுக கொலை பண்ணல. அந்த இடத்துலயே அவுக இல்ல. அன்னைக்கு எங்கண்ணன் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்திருந்தாக. அங்க இல்லாமப் போனதுதான் எங்க தலையெழுத்து. இருந்திருந்தா இந்நேரம் இன்ஸ்பெக்டர்.

உங்க டிபார்ட்மென்டுல எப்படியோ எனக்குத் தெரியாது. போலீஸ்ல கான்ஸ்டபிளாச் சேந்தவன் ஏட்டு ஆகுறதுக்குள்ள பாதி ஆயுசு போயிரும். ஏட்டானப்புறம் இன்னும் பத்து வருசம், ஒரு மெமோ வாங்காம, ஒரு கறுப்பு மார்க் விழாம ஓட்டணும். அப்பத்தான் எஸ்.எஸ்.ஐ. அப்பத்தான் தோள்ல ஸ்டார். அதுக்குள்ள சர்க்கரை வந்துரும், முட்டி தேஞ்சுரும். நேரா எஸ்.ஐ. பரிச்சை எழுதிட்டு ஒரு பய வருவான், மீசைகூடச் சரியா மொளைச்சிருக்காது. அவனுக்கு இவுக வெறைப்பா நின்னு சல்யூட் அடிக்கணும். "ஏட்டையா, டீ சொல்லுங்க"ம்பான். சொல்லணும்.

இதுக்கு ஒரே ஒரு குறுக்கு வழிதான் உண்டு. பெரிய ரவுடி எவனையாவது பிடிக்கப் போற டீம்ல இருக்கணும். அவன் செத்தா, சர்க்கார் சந்தோசப்பட்டு மொத்த டீமுக்கும் ஒரு படி ஏத்திக் குடுக்கும். ஏட்டா இருக்கவன் மறுநாளு எஸ்.ஐ. சீனியாரிட்டியும் கிடையாது, பரிச்சையும் கிடையாது. எல்லாருக்குமா அது வாய்க்கும்? எங்களுக்கு வாய்ச்சுது டீச்சர். கையில வந்து உக்காந்துச்சு.

அப்ப கொம்பையான்னு ஒரு ரவுடி. உப்பளத்துப் பக்கத்து ஆளு. அவன் மேல இருந்த கேசெல்லாம் சொன்னா நீங்க அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவீங்க. அவனைப் பிடிக்க ஒரு இன்ஸ்பெக்டரும் அஞ்சு பேரும்னு தனி டீம் போட்டாக. அதுல எங்க வீட்டுக்காரவுக பேரும் இருந்துச்சு. தனசீலன்னு ஒருத்தன், எங்க போலீஸ் லைன்ல பக்கத்து வீடு, அவனும் ஏட்டுதான், அவுகளுக்கு மூணு வருசம் ஜூனியர், அந்த டீம்ல அவனும் இருந்தான். எங்க வீட்டுல சாப்பிட்டு வளந்தவன்னு வைங்களேன். அண்ணாச்சி, மதினின்னு உசுரா இருப்பான்.

கொம்பையா எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சது யாருங்கிறீங்க? எங்க வீட்டுக்காரவுகதான். ஆவணி மாசம் பூராவும் கைலியும் துண்டுமா, மாட்டுத் தரகன் மாதிரி அலைஞ்சாக. பழைய சுண்ணாம்புக் காளவாசல்ல அவன் பதுங்கி இருக்கான்னு மோப்பம் பிடிச்சு வந்து சொன்னது அவுகதான். அத இன்னைக்கு வரைக்கும் யாராவது சொல்றாகளா? ஒருத்தர் சொல்றதில்ல.

அந்த நேரம் பாத்து எங்கண்ணன் வீட்டுப் பால்காய்ச்சு. ஒரே அண்ணன் எனக்கு. அண்ணன் பொண்டாட்டி ஒரு மாதிரி. "உங்க போலீஸ்காரரு வருவாரா, இல்ல அதுக்கும் மேலதிகாரிகிட்டக் கேக்கணுமா?"ன்னு போன்ல கேட்டுட்டா. எனக்கு ரோசம் வந்துருச்சு. நீங்க வரலைன்னா நானும் போகல, இனிமே எங்க அண்ணன் வீட்டு வாசப்படியே மிதிக்கலன்னு சொல்லி அழுதேன். ரெண்டு நாளு அடுப்புப் பத்த வைக்கல. அவுக என்ன செய்வாக? இன்ஸ்பெக்டர்கிட்டப் போய்க் கேட்டிருக்காக. "லீவெல்லாம் எழுதாதய்யா, இப்ப எழுதுனா மேல கேப்பான். காலையில போயிட்டுச் சாயங்காலம் வந்துரு. ரிக்கார்டுல நீ எங்க கூடத்தான் இருக்க"ன்னாராம். நல்ல மனுசன்னு அன்னைக்கு நெனச்சேன்.

பால் பொங்கி, பந்தி போட்டாச்சு. அவுக எலையில உக்காந்து ரெண்டு வாய் எடுத்து வச்சிருப்பாக. போன் வந்துச்சு. கேட்டாக. எலைய மடிச்சாக. எந்திரிச்சு வீட்டுக்குப் பின்னால போனாக. நானும் பின்னாலயே போனேன். செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்காக.

"என்னங்க?"

"முடிஞ்சுருச்சாம்."

"என்ன முடிஞ்சுருச்சு?"

"கொம்பையா."

அப்படியே குனிஞ்சு வாந்தி எடுத்தாக டீச்சர். கண்ணுக்கு முன்னால வந்த பதவி கைநழுவிப் போனா யாருக்குத்தான் வயித்தைப் பொரட்டாது? தலையைப் பிடிச்சு விட்டேன். தண்ணி குடுத்தேன். எனக்கே ஒப்பாரி வைக்கலாம் போல இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் லைனுக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸுல சொன்னாக, "நல்லவேளை, உங்கண்ணன் வீட்டுல இருந்தேன்"னு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "உங்களுக்கு என்ன பைத்தியமா? அலைஞ்சது நீங்க, அள்ளிக்கிட்டுப் போனது அவனுகளா?"ன்னு கேட்டேன்.

நான் பயந்த மாதிரியேதான் ஆச்சு. சுட வந்தான், திருப்பிச் சுட்டோம்னு எஃப்.ஐ.ஆர். எழுதிட்டாக. அங்க நின்ன அஞ்சு பேரு பேரும் ஏறிருச்சு. அவுக பேரு இல்ல. "துப்பாக்கி, ரவை எல்லாத்துக்கும் கணக்கு எழுதியாச்சு, இனி நொழைக்க முடியாதுய்யா"ன்னு இன்ஸ்பெக்டர் கையை விரிச்சுட்டாரு. கார்த்திகையில ஆர்டர் வந்துச்சு. அஞ்சு பேருக்கும் ஒரு படி. தனசீலன் எஸ்.ஐ.

எங்க லைனப் பத்தி உங்களுக்குத் தெரியாது டீச்சர். வரிசை வீடு, ஒரு ரூம்பு, பொதுக் குழாய். புருசன் தோள்ல என்ன இருக்கோ அதுதான் பொண்டாட்டிக்கு அந்தக் குழாயடியில மரியாதை. தனசீலன் பொண்டாட்டி பிரிசில்லா, எங்கிட்டக் கொழம்பு வைக்கக் கத்துக்கிட்ட புள்ள. எஸ்.ஐ. குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாக அவளுக்கு. ரெண்டு பெட்ரூம்பு, தனிக் குழாய். சாமான் ஏத்துற அன்னைக்கு லட்டுத் தட்டோட என் வீட்டு வாசல்ல நிக்கா. "அக்கா, உங்கண்ணன் வீட்டு விசேசமெல்லாம் நல்லா நடந்துச்சா?"ன்னு கேக்கா. எப்படிக் குத்துறா பாத்தீங்களா? லட்டை வாங்கி அப்படியே பக்கத்து வீட்டுப் புள்ளைகளுக்குக் குடுத்துட்டேன்.

பங்குனியில கோயில் கொடைத் திருவிழாவுக்கு பந்தோபஸ்து. எங்க மக உமாசெல்விய ராட்டினத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். தனசீலன் ஸ்டாரு மின்ன ஜீப்பை விட்டு எறங்குறான். இவுக வெயில்ல நின்ன எடத்துல இருந்து ஓடி வந்து சல்யூட். அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, "ஏட்டையா, அந்த முக்குல நில்லுங்க"ன்னான். அண்ணாச்சின்னு கூப்பிட வாய் வரல பாருங்க. கூச்சப்பட்டானோ என்னவோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. எம்பொண்ணு கேட்டா, "அம்மா, தனசீலன் மாமாவுக்கு அப்பா எதுக்கு சல்யூட் அடிக்கிறாக?"ன்னு. அன்னைக்கே முடிவு பண்ணேன், அவுகளுக்கும் அந்தப் பதவி உயர்வு வேணும்னு மனுப் போடுறதுன்னு.

அவுக லேசுல சம்மதிக்கல.

"நான் அங்க இல்லையே ஏட்டி."

"ரிக்கார்டுல இருக்கீகள்ல? லீவு எழுதலைல? அப்ப இருந்ததாத்தான அர்த்தம்?"

"செத்துப் போனவனப் பத்தி எழுதுறதுக்கு ஒரு மாதிரி இருக்கு."

"அவன் செத்துத்தான் போனான். நாம உசுரோட சாகணுமா? உமா என்ன கேட்டான்னு தெரியுமா?"

உமா கேட்டதச் சொன்னேன். அதுக்கப்புறம்தான், சரி எழுதுன்னாக.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ டீச்சர். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், பள்ளிக்கூடத்துல பிரைஸ் வாங்கியிருக்கேன். நான்தான் உக்காந்து எழுதினேன். சுட்டேன்னு எழுதுனா துப்பாக்கிக் கணக்குக் கேப்பாக. சும்மா பக்கத்துல நின்னேன்னு எழுதுனா யாரு மதிப்பா? யோசிச்சு யோசிச்சுக் கடைசியில ஒரு வரி வந்துச்சு. இப்பவும் எனக்கு மனப்பாடம். 'எதிரி கொம்பையா தப்பியோட முயன்றபோது, என் உயிரைத் துச்சமென மதித்து, அவருடைய இரு கைகளையும் பின்புறமாக இறுகப் பற்றி நிறுத்தினேன். அதன் பின்னரே மற்றவர்களால் அவரைச் சுட முடிந்தது.' எப்படி இருக்கு? நீங்க டீச்சர், நீங்களே சொல்லுங்க. ஒரு சந்திப்பிழை இருக்கா?

அவுக அதை வாங்கிப் பாத்தாக. கையைப் பிடிச்சேன்னு போட்டிருக்கியேன்னாக. ஆமாங்க, பிடிச்சாத்தான அவனுக சுட முடியும், பெரும் பங்கு உங்களோடதுன்னு ஆகும்லன்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டு எந்திரிச்சுப் போய்க் கை கழுவுனாக. பேனா மை ஒட்டியிருக்கும் போல.

மேல விசாரணை வரும்னு ஆபீஸ்ல ஒருத்தரு சொன்னாரு. அன்னைக்கு அவுக வேற எங்கயும் இருந்ததா யாரும் சொல்லிறக் கூடாதுல்ல? நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஆல்பத்தையும் வீடியோ சீடியையும் கேட்டேன். அண்ணன் ஏன்னுகூடக் கேக்காமக் குடுத்துட்டான். அவுக இருந்த போட்டோ எல்லாத்தையும் வெந்நீர் அடுப்புல போட்டேன். சீடி உருகி நாத்தம் எடுத்துருச்சு. அந்த வெந்நீர்லதான் அன்னைக்கு எல்லாரும் குளிச்சோம்.

மனுப் போன பத்தாம் நாளு பெரிய அதிகாரி கூப்பிட்டு விட்டாரு. "இத எழுதுனது யாருய்யா? வாபஸ் வாங்கு"ன்னு கத்தினாராம். இவுக தலையக் குனிஞ்சு நின்னுட்டு வந்தாக. அந்த வாரமே தூக்கி ஒரு செக்போஸ்ட்டுல போட்டாக. பொட்டக்காடு, குடிதண்ணி கிடையாது. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு, நம்மள அமுக்கப் பாக்காகன்னு. நமக்கு நியாயம் இல்லைன்னா அந்த அதிகாரிக எதுக்குப் பயப்படணும், சொல்லுங்க?

அப்புறம் தனசீலன் வந்தான். ஸ்டார் வாங்கினப்புறம் எங்க வீட்டுப்படி ஏறுனது அன்னைக்குத்தான். யூனிபார்ம் போடல. வேட்டி சட்டையில, பழைய தனசீலனா வந்து தரையில உக்காந்தான்.

"மதினி, அண்ணாச்சிய அந்த மனுவ வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

"ஏன் தம்பி, பங்கு கேட்டாக் கசக்குதா?"

"பங்கு இல்ல மதினி. அந்த ஒரு வரி எங்க எல்லாரையும் கொன்னுரும். அண்ணாச்சியவும் சேத்து. கையைப் பின்னால பிடிச்சிருந்தா அவன் எப்படிச் சுட்டிருப்பான்? கேப்பாகள்ல?"

"யாரு கேப்பா? நீங்க அஞ்சு பேரும் மேல ஏறிட்டீங்க, ஏணிய எடுத்து ஒளிச்சு வைக்கப் பாக்கீங்க."

அவன் அவுகளைப் பாத்தான். அவுக எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தாக. "அண்ணாச்சி, நீங்க அன்னைக்கு அங்க இல்லாததுக்கு நான் எத்தன நாளு உங்க மேல பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா?"ன்னான். நடிப்பு டீச்சர். ஸ்டாரை வச்சுக்கிட்டு இருக்கவன், ஸ்டார் இல்லாதவனப் பாத்துப் பொறாமைப்படுவானா? காப்பி போட்டுக் குடுத்தேன். குடிக்காமப் போயிட்டான்.

நான் விடல. அதுக்கு மேல உள்ள ஆபீஸுக்கு, அதுக்கும் மேல உள்ள ஆபீஸுக்குன்னு வருசா வருசம் மனு. அதே வரி. எல்லாத்துக்கும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வரும், இல்ல பதிலே வராது. அவுக கையெழுத்துப் போடுறதோட சரி, படிக்கவே மாட்டாக. எங்க போடணும்னு மட்டும் கேப்பாக.

கொம்பையாவுக்கு ஒரு ஆத்தா உண்டு. உப்பளத்துல கூலி வேலை பாத்த கெழவி. எம்மகனச் சும்மா நிறுத்தி வச்சுச் சுட்டுட்டாகன்னு அதுவும் நம்மள மாதிரியே மனுப் போட்டுக்கிட்டு இருந்திருக்கு. எந்தக் கோர்ட்டுலயும் எடுபடல. ஒரே ஒரு வக்கீல் பையன் மட்டும் விடாமப் பிடிச்சிருக்கான். தகவல் அறியும் சட்டத்துல, அந்த அஞ்சு பேருக்கும் எதுக்குப் பதவி உயர்வு குடுத்தீகன்னு கேட்டு எழுதிப் போட்டிருக்கான். அந்த பைல் மொத்தத்தையும் நகல் எடுத்துக் குடுத்திருக்காக. அதுக்குள்ள எங்க மனு.

ஹைகோர்ட்டுல என் வரியச் சத்தமா வாசிச்சாகளாம் டீச்சர். ஜட்ஜு ரெண்டாந்தடவை வாசிக்கச் சொன்னாராம்.

அப்புறம் என்ன, புதுசா விசாரணை. ஆறு பேரும் உள்ள. லைன்ல வந்துதான் கூட்டிக்கிட்டுப் போனாக. டூட்டிக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தாக. பெல்ட்டைக் கழட்டி எங்கிட்டக் குடுத்தாக. உமா கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டா, வெளிய வரல. அவனுக சுட்டாக, இவுக கையைப் பிடிச்சாகன்னு கேசு. எங்க வக்கீல் கேட்டாரு, அன்னைக்கு எங்கம்மா இருந்தாருன்னு. எங்கண்ணன் வீட்டுலன்னேன். லீவு எழுதுனாரா? இல்ல. போட்டோ இருக்கா? இல்ல. அண்ணன் சாட்சி சொல்லத் தயாராத்தான் இருக்கான், ஆனா மச்சான் சாட்சியவும் சொந்தக்காரவுக சாட்சியவும் கோர்ட்டு எவ்வளவு தூரம் நம்பும்னு வக்கீல் இழுக்காரு. "ஒரே ஒரு போட்டோ இருந்தாப் போதும்மா"ன்னாரு. நான் என்ன ஜோசியமா பாத்தேன்?

பிரிசில்லா கோர்ட்டு வாசல்ல நின்னா. இப்ப அவளுக்கும் குவார்ட்டர்ஸ் போயிருச்சு, ரெண்டு புள்ளைகளோட அவ அம்மா வீட்டுல இருக்கா. மத்த நாலு பேரு பொண்டாட்டிகளும் என்னப் பாத்தா காறித் துப்புவாளுக. இவ துப்பல. கிட்ட வந்து, "அக்கா, நம்ம ஆறு பேருல நீங்க ஒருத்தருதான் குடுத்து வச்சவங்களா இருந்தீங்க"ன்னா. அவ்வளவுதான், போயிட்டா. நான் என்னத்தக் குடுத்து வச்சேன்? ஒரு ஸ்டாரு கண்டேனா, ஒரு தனிக் குழாய் கண்டேனா?

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. இந்த ஆனி மாசம் அவுக கூட வேலைக்குச் சேந்த செட்டுக்கு எல்லாருக்கும் எஸ்.எஸ்.ஐ. வந்துருச்சு. சும்மா, வருசக் கணக்குக்கு. ஒருத்தனும் எந்த ரவுடியையும் பிடிக்கல, ஒருத்தனும் மனுப் போடல. செக்போஸ்ட்டுல கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தவனுக்கெல்லாம் ஸ்டாரு. அவுக பேரு மட்டும் லிஸ்ட்டுல இல்ல, சஸ்பென்சன். இதையும் அவுககிட்டப் போய்ச் சொன்னேன். "அப்படியா, மாணிக்கவாசகத்துக்கும் வந்துருச்சா? பாவம், அவன் ரொம்ப எதிர்பாத்தான்"னு சிரிச்சாக. சிரிப்பு வருது பாருங்க அவுகளுக்கு.

ஆனா என் மனசப் போட்டு அறுக்குறது அதுகூட இல்ல டீச்சர். அந்தக் கெழவிதான்.

வாய்தாவுக்கு வாய்தா வரும். வராந்தாவுல ஒரு ஓரமாக் குத்தவச்சிருக்கும். பாதம் பூரா உப்புல வெடிச்சுப் போயி, பல்லும் பாதி இல்ல, கண்ணும் மங்கல். ஒரு நாளு அவுகள எஸ்கார்ட் போலீஸ் கூட்டிக்கிட்டு வந்து பெஞ்சுல உக்கார வச்சிருக்கு. நான் பக்கத்துல நிக்கேன். கெழவி எந்திரிச்சுச் செவுத்தப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சு. செருப்பக் கிருப்பக் கழட்டி அடிக்கப் போகுதோன்னு நான் குறுக்க நின்னேன். அது என்னைய வெலக்கிட்டு அவுக மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு பாத்துச்சு.

"கையப் பிடிச்சது நீங்கதானய்யா?"

நான்தான் சொன்னேன், "இந்தா, அவுக அங்க இல்லவே இல்ல, எங்கண்ணன் வீட்டுல இருந்தாக"ன்னு. அது காதுலயே வாங்கல.

"எங்கிட்டக் குடுக்கும்போது ஐஸு மாதிரி இருந்தான்யா. வெறைச்சுப் போயி. வெரலக்கூட மடக்க முடியல. நீங்க பிடிக்கும்போது அவன் கை சூடா இருந்துச்சா?"

எஸ்கார்ட் பையன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். அவுக அந்தக் கெழவி கையையே பாத்துக்கிட்டு இருந்தாக. இல்லன்னு சொல்லப் போறாகன்னு நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்.

"சூடாத்தாம்மா இருந்துச்சு"ன்னாக.

அப்படியே கெழவி அந்த பெஞ்சுல அவுக பக்கத்துல உக்காந்துருச்சு. அழுகல. சத்தம் போடல. உக்காந்துச்சு, அவ்வளவுதான்.

எங்க வக்கீல் தலையில அடிச்சுக்கிட்டாரு. "சுத்தி அத்தன பேரு நிக்காக, அதுல ஒருத்தன் ஜட்ஜுகிட்டப் போய்ச் சொன்னா நான் என்னத்த வாதாடுறது?"ன்னாரு. அடுத்த வாய்தாவுக்குக் கெழவி வந்து நேரா அவுக பக்கத்துலதான் உக்காந்துச்சு. "பயந்தானாய்யா?"ன்னு கேட்டுச்சு. "இல்லம்மா. என் வெரலக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான்"னாக. அதுக்கடுத்த வாய்தாவுக்கு, "என்னையக் கேட்டானா?" "கேட்டாம்மா. அம்மா சாப்பிட்டிருக்குமான்னான்."

எங்க இருந்து டீச்சர் இதெல்லாம் வருது? நான் எழுதுனதுல அது ஒண்ணுமே கிடையாது. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு சொல்றாக. ஒவ்வொண்ணும் அவுக கழுத்துக்குக் கயிறு. கெழவி கேட்டுக்கிட்டுத் தலைய ஆட்டும். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்திருப்பாக, ஏதோ சொந்தக்காரவுக மாதிரி. அந்த பெஞ்சு சின்னது. ஒரு பக்கம் எஸ்கார்ட், ஒரு பக்கம் கெழவி. கட்டுன பொண்டாட்டி நான் நின்னுக்கிட்டே இருக்கேன்.

போன தடவை கேட்டே கேட்டுட்டேன். "ஏங்க, நீங்க அங்க இல்லவே இல்லையே. அந்தக் கெழவிகிட்ட எதுக்கு இப்படிச் சொல்றீக? உங்களுக்குப் புள்ள இல்லையா, குடும்பம் இல்லையா?"

கோவிக்கல அவுக. என்னைக்குமே கோவிக்க மாட்டாக.

"வேற யாரு ஏட்டி அந்தம்மாவுக்குச் சொல்லுவா?"ன்னாக. "அங்க இருந்த அஞ்சு பேரும் வாயத் திறக்க மாட்டான். இல்லாதவன் நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

இல்லாதவன் எதுக்குச் சொல்லணும்? உங்களுக்காவது புரியுதா? சரி, விடுங்க.

அந்தா, கலெக்டர் ஆபீஸ் வளைவு வந்துருச்சு. அடுத்த ஸ்டாப்புதான் எனக்கு. கொஞ்சம் எந்திரிங்க டீச்சர், காலுக்கடியில தூக்குச்சட்டி இருக்கு. இட்லிதான், மொளகாப்பொடி தடவி வச்சிருக்கேன், அவுகளுக்கு அதுதான் பிடிக்கும். "அந்தம்மா காலையில சாப்பிடாமத்தான் வருது, அதுக்கும் சேத்து நாலு வை"ன்னு போன தடவை சொல்லி அனுப்புனாக. எப்படி இருக்கு கதை? அந்தக் கெழவிக்கு நான் இட்லி அவிக்கணுமாம்.

நான் வைக்கல. அவுகளுக்குத்தான் எப்பவும் வைக்கிறதுக்கு மேல நாலு கூட வச்சிருக்கேன். எண்ணெயும் கூடக் கொஞ்சம் ஊத்தித்தான் வச்சிருக்கேன், மெல்லக் கஷ்டமா இருக்கக் கூடாதுல்ல. அதை அவுக என்ன பண்ணுவாகளோ, அது அவுக பாடு. வரட்டுமா டீச்சர்? பெல் அடிக்கச் சொல்லுங்க.